பதவியிறக்கம் பெற்ற தோடு

பெறுநர்: தரநிர்ணயப் பிரிவு, பெயர் சொல்லத் தேவையில்லாத பெரிய நகைக்கடை, ஹைதராபாத்
பொருள்: லாக்கரில் சும்மா இருந்த வைரத் தோட்டுக்குப் பதவியிறக்கம் – விளக்கம் கோருதல்

மாட்சிமை பொருந்திய பிரிவுக்கு,

வைரத்தின் தரத்தை உலகம் நான்கு அளவைகளால் நிர்ணயிக்கிறது: எடை, நிறம், தெளிவு, வெட்டு. மேற்படி பிரிவு ஐந்தாவதாக ஒன்றைக் கண்டுபிடித்து நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது. கல் கவுன்ட்டரின் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகிறது என்பதே அது. சென்ற வாரம் ஒரு பெண்மணி, மகள் கல்யாணத்துக்கு நெக்லஸ் எடுப்பதற்காகத் தன் ஏழுகல் தோட்டை மாற்றக் கொண்டுவந்தார். இதே கடை ‘ஈ-எஃப், விவிஎஸ்’ என்று பில் போட்டு விற்ற தோடு அது. விற்பனையாளர் லூப் என்ற உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தார், உதட்டைப் பிதுக்கினார், ‘ஐ-ஜே, எஸ்ஐ’ என்றார். வருங்காலச் சம்பந்தியம்மாள் பக்கத்து நாற்காலியில் கடை கொடுத்த ஜூஸைக் குடித்துக்கொண்டிருந்தார். அவர் காதுபடவே அடுத்த கேள்வி வந்தது: “கல்லை வெளியில எங்கேயும் மாத்தலையே, மேடம்?”

பணி விதிகளின்படி, பதவியிறக்கத்துக்கு முன் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தர வேண்டும். தோட்டுக்கு அப்படி எதுவும் வரவில்லை. ஆகவே விசாரணைக்கு உதவியாக, நான்கு அளவைகளும் வரிசையாகக் கீழே தரப்படுகின்றன.

எடை: ஒரு காரட் 200 மில்லிகிராம். ஒரு காரட்டில் நூறு சென்ட். அரை காரட், ஒரு காரட் என்ற எல்லைகளைத் தொட்டதும் விலை படியேறும். 98 சென்ட் கல்லுக்கும் ஒரு காரட் கல்லுக்கும் கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம் பில்லில் தெரியும். மொத்த எடையில் கல் எடையைக் கழித்த பிறகே தங்கத்துக்கு விலை போட வேண்டும். மேற்படி தோட்டின் எடை மாறவில்லை என்பதைப் பிரிவின் தராசே ஒப்புக்கொண்டது. அந்த ஒரு விஷயத்தில் தோட்டின் நடத்தை திருப்திகரம்.

நிறம்: அமெரிக்காவின் ஜிஐஏ நிறுவனம் 1950களில் வகுத்த எழுத்து வரிசை டியில் தொடங்கி இசட்டில் முடிகிறது. டி, ஈ, எஃப் நிறமற்றவை. ஜி முதல் ஜே வரை கிட்டத்தட்ட நிறமற்றவை. அதற்குப் பிறகு மஞ்சள் ஏறும். கல்லைக் கவிழ்த்து வைத்து, நிறம் உறுதி செய்யப்பட்ட மாதிரிக் கற்களின் பக்கத்தில், வரையறுத்த விளக்கொளியில் பார்த்துத்தான் எழுத்து தரப்படும். மஞ்சள் தங்கத்தில் பதித்த கல்லை, மஞ்சள் ஸ்பாட்லைட்டுக்குக் கீழே, மாதிரிக் கல் ஒன்றுகூட இல்லாமல் அரை நிமிடத்தில் ‘ஐ-ஜே’ என்று சொல்லிவிடும் கண் இறைவன் எல்லோருக்கும் தருவதில்லை. வைரத்தின் நிறம் லாக்கரில் பழுக்காது. ஈயிலிருந்து ஐக்கு நான்கு எழுத்து இறங்கும் அளவுக்கு அந்தக் கல் இருட்டில் என்ன ஒழுங்கீனம் செய்தது என்று தெரிவித்தால் நல்லது.

தெளிவு: பத்து மடங்கு பெரிதாக்கிப் பார்க்கும்போது உள்ளே தெரியும் புள்ளி, கீற்று, மேகம் ஆகியவற்றை வைத்து, எஃப்எல் முதல் ஐ3 வரை பதினொரு படிகள். விவிஎஸ் என்றால் தேர்ந்த கண்ணுக்கே குறை எளிதில் அகப்படாது. எஸ்ஐ என்றால் லூப்பில் பளிச்சென்று தெரியும். இரண்டுக்கும் நடுவில் விஎஸ் இருக்கிறது. தோடு அதைத் தொடாமலே தாண்டி விழுந்திருக்கிறது. வைரத்தின் குறை பார்ப்பது தமிழருக்குப் புதிதல்ல. மதுரை மணிக்கடை வீதியைச் சொல்லும்போது சிலப்பதிகாரமே களங்கம், விந்து, ஏகை, காகபாதம் என்று குற்றங்களை எண்ணுகிறது. அடிபட்டால் கல்லின் விளிம்பு சிதறலாம், அழுக்கேறினால் மங்கலாம். ஆனால் பூமிக்கடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அகப்பட்ட புள்ளி, பில் போட்ட பிறகு புதிதாக முளைக்காது.

வெட்டு: ஒளி உள்ளே போய்த் திரும்பி வருவது இதைப் பொறுத்தது, நான்கில் மனிதன் கையில் இருப்பது இது ஒன்றே. வட்ட பிரில்லியன்ட் கல்லுக்கு ஜிஐஏ ‘எக்ஸலன்ட்’ முதல் ‘புவர்’ வரை ஐந்து படிகள் வைத்திருக்கிறது. அடி ஆழமாகிவிட்டால் எடை இருந்தும் முகம் சிறுத்துத் தெரியும். கடைகள் மிகக் குறைவாகப் பேசுவதும் இதைப் பற்றித்தான். தோட்டு பில்லில் வெட்டுக்கு இடமே இல்லாததால், இறக்குவதற்கும் பதவி இல்லாமல் போயிற்று.

அடுத்தது சான்றிதழ். பிசிறில்லாமல் தரம் சொல்ல வேண்டுமானால் கல் தனியாக இருக்க வேண்டும். பதித்த பிறகு பார்த்தால் ‘ஈ-எஃப்’ போன்ற உத்தேச வரம்புதான் கிடைக்கும். ஏழுகல் தோட்டின் சிறு கற்களுக்குத் தனித்தனிச் சான்றிதழ் வாங்குவது வழக்கமில்லை. மொத்தமாகத் தரம் பிரித்தவை அவை. ஹால்மார்க்கின் ஆறெழுத்து அடையாளக் குறியான எச்யூஐடி தங்கத்துக்கு மட்டுமே ஜாமீன். கல்லைப் பற்றி அது வாய் திறக்காது. இதில் ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் சேர்ந்துகொண்டது. கடைகளின் சாதாரணச் சோதனைக் கருவி அதையும் ‘வைரம்’ என்றே காட்டும், ஏனென்றால் அதுவும் வைரம்தான், விலைதான் பாதாளத்தில். 2025 அக்டோபர் முதல் ஜிஐஏ அவற்றுக்கு ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்று இரண்டே படிகள் வைத்திருக்கிறது.

ஊரின் பெருமையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கோல்கொண்டா கோட்டைக்குள் வைரம் விளையவில்லை. கிருஷ்ணைக் கரைக் கொல்லூரிலும் பிற சுரங்கங்களிலும் எடுத்தது இங்கே சந்தைக்கு வந்தது. 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சுரங்கங்களைப் பார்த்த பிரெஞ்சு வணிகர் தவெர்னியே ஒரு காட்சியை எழுதி வைத்திருக்கிறார். ராவல்கொண்டா என்ற சுரங்க ஊரில் பத்து முதல் பதினாறு வயதுள்ள வணிகர் வீட்டுப் பையன்கள், எடைக்கல் பையும் பணப் பையுமாக மரத்தடியில் உட்கார்ந்திருப்பார்கள். விற்க வந்த கல்லை முதலில் பெரிய பையன் பார்ப்பான். பேசாமல் அடுத்தவனிடம் தருவான். கல் கைமாறிக் கைமாறி ஒரு சுற்று வந்த பிறகுதான் விலை. அதிக விலை கொடுத்துவிட்டால் நஷ்டம் அந்தப் பையன் தலையில். ஏசியும் ஜூஸும் இல்லாத அந்த மரத்தடியில், தப்பாக மதிப்பிட்டவனே தண்டம் கட்டினான். இன்றைய கவுன்ட்டரில் வாடிக்கையாளர் கட்டுகிறார். வைர பேரத்தில் ஆறாம் நிஜாமே வியாபாரி ஜேக்கப்போடு 1891இல் கல்கத்தா கோர்ட்வரை போனவர் என்பது மற்றவர்களுக்கு ஓர் ஆறுதல்.

ஒரே கல், ஒரே கடை, ஒரே லூப். விற்கும்போது ஈ, திரும்ப எடுக்கும்போது ஐ. இரண்டில் ஒன்று பொய். முதலாவது பொய் என்றால் விற்ற அன்றே ஏமாற்று. இரண்டாவது பொய் என்றால் இன்றைக்குத் திருட்டு. இதற்கு மேல், பணம் கொடுத்தவளைப் பார்த்தே கல்லை மாற்றினாயா என்று சம்பந்தி முன்னால் கேட்பதற்கு வெட்கம் வேண்டும்.

பிரிவின் நேர்மையில் யாருக்கும் ஐயமில்லை என்பதையும் பணிவுடன் பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. வாசலில் ‘நூறு சதவீத எக்ஸ்சேஞ்ச்’ என்று அவ்வளவு பெரிய பலகை வைத்திருக்கும் கடை தவறு செய்யுமா? எந்தத் தரத்தில் நூறு சதவீதம் என்று எழுதத்தான் பலகையில் இடம் போதவில்லை.

கோரிக்கைகள் வருமாறு: பெரிய கல் ஒவ்வொன்றுக்கும் எடை, நிறம், தெளிவு, வெட்டு ஆகியவற்றைத் தனித்தனியாகவும், சிறு கற்களுக்கு எண்ணிக்கை, மொத்த எடை, தர வரம்பு ஆகியவற்றையும் பில்லில் எழுத வேண்டும். சான்றிதழ் தந்த ஆய்வகத்தின் பெயரும் எண்ணும் வேண்டும். கல்லின் இடை விளிம்பில் லேசரால் அந்த எண் பொறித்திருந்தால் லூப்பில் காட்ட வேண்டும். இயற்கைக் கல்லா, ஆய்வகக் கல்லா என்பது எழுத்தில் வேண்டும். திரும்ப எடுக்கும்போது விற்ற பில்லில் உள்ள தரத்துக்கே மதிப்பு தர வேண்டும். தரத்தில் தகராறு வந்தால், கல்லைக் கழற்றி இரு தரப்பும் ஏற்கும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். செலவு, தோற்றவர் பொறுப்பு.

இப்படிக்கு,
பதவியிறக்கம் பெற்ற தோட்டின் சார்பாக