பல் பிடித்துப் பார்த்தல்: இணையத்தில் விற்கும் மலிவுக் கணினி குறித்து இலத்தூரிலிருந்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

“கோர் ஐ5, 8 ஜி.பி. ரேம், 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், 2 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, மானிட்டர், கீபோர்டு, மவுஸ், ஸ்பீக்கர், எல்லாம் சேர்த்து ரூ. 10,999.” இணையக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் இந்த ஒற்றைப் பத்தி இலக்கியமே இவ்வாய்வின் முதன்மைத் தரவு. இதில் எழுதியிருப்பவை பெரும்பாலும் உண்மை. எழுதாமல் விட்டவைதான் பொருளின் மதிப்பைத் தீர்மானிக்கின்றன என்பது கருதுகோள். ஆய்வுக்கு நிதிநல்கை எதுவும் பெறப்படவில்லை, கேட்கப்படவும் இல்லை. ஆய்வேட்டு மரபை மதித்து, எழுதுபவர் தம்மை ‘ஆய்வாளர்’ என்றே குறித்துக்கொள்வார். வீட்டில் யாரும் அப்படிக் குறிப்பதில்லை.

1. ஆய்வுக் களம்

தென்காசியை அடுத்த இலத்தூர். வயல், தென்னந்தோப்பு, குளம், மதுநாதசுவாமி கோயில். அங்கே சனீஸ்வரர் சன்னதிக்கு வெளியூரிலிருந்தும் ஆள் வருவார்கள். ஊருக்குள் வழி தெரியாத கூரியர் தம்பிமார் ‘இலத்தூர் விலக்கு’ வரை வந்து, “அண்ணாச்சி, விலக்குல நிக்கேன், வாறீயளா?” என்று போன் போடுவார்கள்.

இக்களத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இரண்டு. முதலாவது, கணினி வாங்க வரிசையாகக் கடைகள் உள்ள தெரு இங்கே கிடையாது. நாலு கடை ஏறி இறங்கத் திருநெல்வேலி போக வேண்டும். நூறு கடை ஏறி இறங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போக வேண்டும். ஆகவே சந்தை என்பது கைக்குள் இருக்கும் செல்போன்தான். இரண்டாவது, தென்காசிக்குப் பக்கத்து மத்தளம்பாறையில் ஜோஹோ நிறுவனம் உலகத்துக்கே மென்பொருள் எழுதிக்கொண்டிருக்கிறது. அந்த வேலைக்குப் போக ஆசைப்படும் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் முதலில் வாங்கப் பார்ப்பது மேற்படி ரூ. 10,999 இயந்திரத்தைத்தான்.

2. முன்னோர் ஆய்வுகள்

இப்பொருள் குறித்து ஊரில் இரண்டு சிந்தனைப் பள்ளிகள் நிலவுகின்றன.

முதலாவது, டீக்கடைப் பள்ளி. “நெட்ல விக்கவன் எல்லாம் ஏமாத்துக்காரன், செங்கல்ல வச்சு அனுப்பிருவான்” என்பது இதன் மையக் கொள்கை. செங்கல் வருவது அபூர்வம். பெட்டிக்குள் கணினிதான் வரும், அதில் விளக்கும் எரியும். ஏமாற்றம் அவ்வளவு எளிய வடிவில் வந்திருந்தால் இந்த ஆய்வுக்கே வேலை இருந்திருக்காது.

இரண்டாவது, நட்சத்திரப் பள்ளி. விமர்சனங்களில் எத்தனை நட்சத்திரம் என்று எண்ணி முடிவெடுப்பவர்கள் இவர்கள். அந்த விமர்சனங்களை உள்ளடக்கப் பகுப்பாய்வு செய்தால், ஐந்து நட்சத்திரக்காரர்கள் பெரும்பாலும் பாராட்டுவது அட்டைப் பெட்டியை. “பேக்கிங் சூப்பர், டெலிவரி பாய் நல்ல மாதிரி.” பெட்டி பிரித்த அன்றைக்கே எழுதுகிறவரால் வேறெதைச் சொல்ல முடியும்? ஒற்றை நட்சத்திரக்காரர் கோபத்தில் எழுதுகிறார். இரண்டும் மூன்றும் நட்சத்திரம் கொடுத்து, ‘ஆறு மாசம் ஓட்டிட்டு எழுதுறேன்’ என்று தொடங்குபவரே இத்துறையின் மெய்யான அறிஞர். அவருடைய படைப்புகள் மிகக் குறைவு.

3. கோட்பாட்டுச் சட்டகம்

மாட்டுச் சந்தையில் மாடு பிடிப்பவர் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்ததா என்பதை வைத்து வயதைச் சொல்லிவிடுவார். கொம்பில் வர்ணம் பூசியிருப்பதும் கழுத்தில் சலங்கை கட்டியிருப்பதும் அவர் கணக்கில் வராது. அதன் பிறகு தரகர் கையைத் துண்டு போட்டு மூடி, துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார். அதாவது, மாடு வெளிச்சத்தில் நிற்கும்; விலை துண்டுக்குள் இருக்கும்.

இணையச் சந்தை இதைத் தலைகீழாக்கிவிட்டது. விலை கொட்டை எழுத்தில் வெளியே நிற்கிறது. மாடு துண்டுக்குள் இருக்கிறது. இதுவே இவ்வாய்வின் மையக் கண்டுபிடிப்பு. இனி வருபவை எல்லாம் துண்டை விலக்கும் முயற்சிகள்.

4. தரவுகளும் பகுப்பாய்வும்

4.1 பல்

தகவலாளி ஆய்வாளரின் அக்காள் மகன், கல்லூரி மாணவன். நேர்காணலின் எழுத்துவடிவம் வருமாறு:

“மாமா, ஐ5 மாமா. பதினோராயிரம்கூட வரல.”
“எந்த ஐ5டே?”
“ஐ5ன்னா ஐ5தான் மாமா. அதுல என்ன எந்த?”
“பின்னால நம்பர் போட்டிருக்கானா பாரு.”
“நம்பர் போடல. ஆனா லைட்டு எரியுது பாருங்க, ஏழு கலர்ல.”

அந்த நம்பர்தான் பல். ஐ5 என்பது இன்டெல் ப்ராசஸரின் குலப்பெயர் மட்டும். அதற்குப் பின்னால் வரும் எண்ணே வயது. ஐ5-650 என்று மூன்று இலக்கம் இருந்தால் அது முதல் தலைமுறை. கோவையில் செம்மொழி மாநாடு நடந்த 2010இல் சந்தைக்கு வந்தது. உள்ளே இருப்பது இரண்டே கோர். ஐ5-2400 என்றால் இரண்டாம் தலைமுறை. தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கிய அதே 2011இன் பிறப்பு, நாலு கோர். ஐ5-3470 என்றால் 2012. மேசைக் கணினி ஐ5களில், நான்கு இலக்கத்தில் முதல் இலக்கமும், ஐந்து இலக்கத்தில் முதல் இரண்டும் தலைமுறையைச் சொல்லும். ஐ5-12400 பன்னிரண்டாம் தலைமுறை, 2022இல் வந்தது, ஆறு கோர். இவை அத்தனையையும் விளம்பரம் ‘ஐ5’ என்ற ஒரே பெயரில் அழைக்கிறது. முதலில் சொன்னது இரண்டு ஏழரைச் சனியைக் கடந்து வந்தது. கடைசியாகச் சொன்னது இன்னும் பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

எண் சொல்லாத விளம்பரத்தில் எந்த எண் இருக்கும் என்பதற்குத் தனி ஆய்வு தேவையில்லை. ஐ5-12400ஐ வைத்திருப்பவர் அதை ஒளிக்க மாட்டார், தலைப்பிலேயே போடுவார்.

4.2 சலங்கை

‘2 ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு’ என்பதும் அப்படியே. 2 ஜி.பி. என்பது அதிலுள்ள நினைவகத்தின் அளவு, வேகத்தின் அளவல்ல. இவ்விலையில் வருபவை பொதுவாக 2012இன் ஜிடி 610, 2014இன் ஜிடி 730 வகையறா. பெரிய விளையாட்டுக்கு இவை உதவா. 2010இன் ஜிடிஎஸ் 450 கார்டின் உள்மென்பொருளை மாற்றி எழுதி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்று பெயர் சொல்ல வைக்கும் கலையும் உலகச் சந்தையில் உண்டு. கொம்புக்குப் பூசிய வர்ணம் என்று டீக்கடைப் பள்ளி இதைப் புரிந்துகொள்ளலாம்.

ரேமில் கேட்க வேண்டியது டி.டி.ஆர்.3-ஆ, டி.டி.ஆர்.4-ஆ என்பது. பழைய ப்ராசஸரோடு வருவது டி.டி.ஆர்.3. நாளைக்கு மதர்போர்டை மாற்றும்போது அந்த ரேம் புதியதில் பொருந்தாது. கேபினட்டின் ஏழு வண்ண விளக்கு எந்தக் கணக்கையும் வேகமாகப் போடாது.

4.3 வயிறு

யாரும் கேட்காத உறுப்பு, கணினிக்கு மின்சாரம் ஊட்டும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். ‘450 வாட்’ என்று அதன் நெற்றியில் எழுதியிருக்கும். பக்கவாட்டு ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட் தடத்துக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்று பார்க்க வேண்டும். 14 ஆம்பியர் என்றிருந்தால் 12 பெருக்கல் 14, ஆக 168 வாட். இன்றைய கணினியில் ப்ராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் இந்தத் தடத்தில்தான் தின்கின்றன. மீதி வாட் எங்கே போயிற்று என்பது ஸ்டிக்கர் அச்சடித்தவருக்கே வெளிச்சம். சாரல் காலத்தில் கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில், மட்டமான எஸ்.எம்.பி.எஸ். போகும்போது தனியாகப் போகாது. மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும்.

4.4 உழைத்த மணி

500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் வேறெங்கோ உழைத்துவிட்டு வந்தது. எத்தனை மணி நேரம் ஓடினோம் என்று அதுவே குறித்து வைத்திருக்கும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் சொல்லிவிடும். ஆண்டுக்கு 8,760 மணி. 26,280 என்று காட்டினால், மூன்று ஆண்டு இரவு பகல் அணையாமல் ஓடியதற்குச் சமம். ‘புத்தம் புதிது’ என்ற அடைமொழியை அந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்து வாசிப்பது நல்ல இலக்கிய அனுபவம். சி.பி.யூ-இசட் என்ற இன்னொரு இலவச மென்பொருள் ப்ராசஸரின் முழு எண்ணையும் சொல்லும்.

4.5 விண்டோஸ்

‘விண்டோஸ் உண்டு’ என்று விளம்பரம் சொல்லும். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14இல் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற இன்டெல் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். ஐ5-650இல் அது ஓடுவதாக ஒருவர் காட்டினால், குறுக்கு வழியில் ஏற்றியிருக்கிறார் என்று கொள்க. உரிமம் பற்றிக் கேட்டால் பதில் வராது, ஸ்மைலி வரும்.

4.6 விலைக் கோடு

‘ரூ. 45,000’ என்று எழுதிக் கோடு கிழித்து ‘75% தள்ளுபடி’ என்பார்கள். அதிகபட்ச சில்லறை விலையைப் போடுபவர் தயாரிப்பவரோ பொட்டலம் கட்டுபவரோ இறக்குமதி செய்பவரோதான். எந்த அதிகாரியும் அது நியாயமா என்று பார்த்து ஒப்புதல் தருவதில்லை. தானே எழுதி, தானே அடித்த எண் அது. அதிலிருந்து கணக்கிட்ட சேமிப்பை எந்த வங்கியும் வரவு வைக்காது.

5. மறுப்பும் விடையும்

“பிள்ளைக்கு நாலு வரி டைப் அடிக்க, பாடம் பார்க்க இது போதாதா?” என்பது நியாயமான மறுப்பு. போதும், ஐ5-3470இல் ஹார்ட் டிஸ்க்குக்குப் பதில் எஸ்.எஸ்.டி. போட்டு, 8 ஜி.பி. ரேமோடு லினக்ஸ் மின்ட்டோ சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸோ ஏற்றினால். ப்ராசஸர் அவ்வளவு எளிதில் கெடும் பொருளல்ல. வயதானது என்பது குற்றமில்லை. வயதை மறைப்பதே குற்றம். ஆனால் இரண்டு கோர் கிழத்தில் ஹார்ட் டிஸ்க்கோடு யூடியூப் பாடம் ஓட்டினால் திணறும். இன்று யூடியூப் அனுப்பும் வி.பி.9, ஏ.வி.1 வடிவங்களை விரிக்கத் தனி வசதி அந்தச் சிப்பில் இல்லை; முழுச் சுமையும் ப்ராசஸர் தலையில்தான் விழும்.

மறுப்பாளர் கவனிக்காத மாற்று ஒன்று உண்டு. அலுவலகங்கள் ஓட்டிவிட்டுத் திருப்பிய டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்.பி., லெனோவா திங்க்சென்டர் கணினிகள் ‘ரீஃபர்பிஷ்டு’ என்று நேர்மையாகப் பெயர் போட்டே விற்கின்றன. விலை சற்றுக் கூடும். அவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் மதர்போர்டும் அந்த மாடலுக்கென்றே செய்தவை. டெல்லில் சர்வீஸ் டேக் எண்ணை நிறுவனத்தின் தளத்தில் போட்டால் கணினி எப்போது நிறுவனத்திலிருந்து அனுப்பப்பட்டது என்றே தெரிந்துவிடும். பல்லைப் பிடிக்க வேண்டாம். வாயைத் திறந்து காட்டியே நிற்கும். எட்டாம் தலைமுறையாகப் பார்த்து எடுத்தால் விண்டோஸ் 11உம் முறைப்படி ஏறும்.

இலத்தூர்க்காரருக்கு மட்டும் உரிய ஒரு கூறும் உண்டு. ‘ஒரு வருட வாரண்டி’ யார் தருவது? விற்பவரின் முகவரி டெல்லி நேரு பிளேஸ் என்றால், பழுதான மதர்போர்டைப் பார்சல் கட்டி இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் அனுப்பும் செலவும் விலையில் சேர்த்தி. திருநெல்வேலிக் கடைக்காரர் ஆயிரம் ரூபாய் கூடக் கேட்டால், அது அந்தப் பார்சல் செலவைவிட மலிவா என்று கணக்குப் போடுக.

6. முடிவுரை

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி விற்பவர் பெயர், முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, திருப்பி எடுக்கும் முறை ஆகியவற்றைக் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் இடத்திலிருந்தே வழக்குப் போடலாம். டெல்லிக்கு ரயில் ஏற வேண்டியதில்லை.

ஆனால் புகாருக்கு முன்னால் செய்ய வேண்டியது, வாங்குமுன் ஐந்து கேள்வி: ப்ராசஸரின் முழு எண் என்ன? ரேம் எந்த டி.டி.ஆர்.? எஸ்.எஸ்.டி. உண்டா? எஸ்.எம்.பி.எஸ். எந்த மாடல்? பழுதானால் வீட்டுக்கு வந்து எடுப்பாரா, நாம் அனுப்ப வேண்டுமா? விடையை எழுத்தில் வாங்குங்கள். பெட்டி வந்ததும் வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் சி.பி.யூ-இசட்டையும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவையும் ஓட்டிப் பாருங்கள். சொன்னதும் வந்ததும் வேறானால் அன்றைக்கே திருப்புங்கள்.

ஐந்துக்கும் விடை சொல்பவரிடம் பத்தாயிரம் ரூபாய்க் கணினியைத் தைரியமாக வாங்கலாம். ‘ஐ5’ என்று மட்டும் எழுதி எண்ணை விழுங்குபவர் ஐயாயிரத்துக்குத் தந்தாலும் வேண்டாம்.