வீட்டு வண்ணக்கன்

பாட்டியின் சொத்தைப் பிரித்தபோது அண்ணனுக்கு நிலம் போயிற்று. எனக்கு ஒரு சுருக்குப்பையும் அதற்குள் ஏழு வெள்ளி ரூபாயும் வந்தன. "நிலத்தை வெள்ளம் கொண்டுபோகும்டா, வெள்ளி என்னிக்கும் வெள்ளிதான்" என்று சித்தப்பா அன்றைக்கு முதுகில் தட்டிக்கொடுத்தார். இருபது வருஷம் அந்தத் தட்டிலேயே காலத்தை ஓட்டிவிட்டேன்.

வினை பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தில் வந்தது. சும்மா இருக்க முடியாமல் மகளின் உண்டியலைக் கொட்டிப் பார்த்தேன். 2007-இல் வந்த மெல்லிய ஐந்து ரூபாய் பாய்ந்து வந்து ஒட்டியது. அதற்கு முந்தைய கட்டை ஐந்து ரூபாய், ஒன்பது கிராம் கனம், அசையவே இல்லை. மெல்லியது எஃகு. கட்டையானது செம்பும் நிக்கலும் கலந்தது. தனியாக இருக்கும்வரை காந்தத்தோடு ஒட்டி உறவாடும் நிக்கல், முக்கால் பங்கு செம்போடு சேர்ந்ததும் திரும்பிக்கூடப் பார்க்காது. தனிக்குடித்தனம் போன தம்பிகள் சிலரை எனக்குத் தெரியும்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுருக்குப்பையை அவிழ்த்தேன். ஆறு ரூபாய் கௌரவமாகப் படுத்திருந்தன. ஏழாவது 'டக்'கென்று எழுந்து காந்தத்தில் ஒட்டிக்கொண்டது. திருப்பிப் பார்த்தால் புலி. 1947-ஆம் வருஷத்து ரூபாய், முழுக்க நிக்கல், வெள்ளி மருந்துக்கும் கிடையாது. இருபது வருஷமாக அந்தப் புலிக்கும் சேர்த்துத்தான் வெள்ளிக்கிழமை மஞ்சள் தடவி வந்திருக்கிறோம்.

சந்தேகம் வந்தால் அரையும் குறையுமாக விடக்கூடாது. நூறில் ஒரு கிராம் காட்டும் நகைத் தராசு ஒன்று வாங்கினேன். மிச்சம் ஆறும் ஏறக்குறைய 11.66 கிராம், சுத்தமாக ஒரு தோலா. மனைவியிடம் மார்தட்டிய பிறகுதான் விஷயம் தெரிந்தது: 1940-இல் வெள்ளைக்கார சர்க்கார் ரூபாயின் வெள்ளியை நூற்றுக்கு ஏறக்குறைய தொண்ணூற்றிரண்டிலிருந்து ஐம்பதாகக் குறைத்துவிட்டது. எடையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டது. பாலில் தண்ணீர் கலந்துவிட்டுப் படியை மட்டும் சரியாக அளப்பவரைப் போல. வெறும் எடைக்கு இதில் வேலையே இல்லை.

ஆகவே ஆர்க்கிமிடீஸ். தராசின் மேல் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, காசை நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். அடியைத் தொடக்கூடாது. அப்போது தராசு காட்டும் கிராம்தான் காசு விலக்கிய தண்ணீர். வெள்ளி கனமான உலோகம், ஆகவே ஒரே எடையில் வெள்ளி கூடியது கொஞ்சம் இடம் அடைக்கும், செம்பும் துத்தநாகமும் கூடியது அதிகம் அடைக்கும். கணக்குப்படி நல்ல ரூபாய்க்கு 1.13, பாதி ரூபாய்க்கு 1.22. வித்தியாசம் ஓரிரு துளித் தண்ணீர்தான்.

இந்தத் துளிக்காக மே மாதத்தில் நான்கு நாள் மத்தியானம் எங்கள் வீட்டில் ஃபேன் ஓடவில்லை. காற்றடித்தால் எண் ஆடும். காசின் மேல் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் போச்சு, காசில் இருக்கும் ராஜாவின் மாற்று குறைந்துவிடும். நூல் மனைவியின் ரவிக்கைக்கு வாங்கிவைத்த மாம்பழக் கலர். அதற்குத் தனி வழக்கு நடந்தது.

சங்க காலத்தில் காசு சோதிப்பவரை வண்ணக்கன் என்பார்கள். வடம வண்ணக்கன் தாமோதரனார் என்று ஒரு புலவரே உண்டு. அவர் வீட்டிலும் விசிறியை நிறுத்தச் சொல்லியிருப்பாரோ என்னவோ.

தீர்ப்பு இதுதான். தாடி வைத்த ஐந்தாம் ஜார்ஜ் இரண்டு பேரும் 1.13. தாடியில்லாத ஆறாம் ஜார்ஜ் நால்வரும் 1.22. இதே ஆறாம் ஜார்ஜ் 1938, 39-இல் வந்திருந்தால் பிழைத்தேன், நாலும் நாற்பதுக்குப் பிந்தியவை. பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால், அந்த நான்கின் விளிம்பிலும் நடுவில் ஒரு பள்ளக்கோடு ஓடுகிறது. தாடிக்காரர்களுக்கு அது இல்லை. முதல் நாளே விளிம்பைப் பார்த்திருந்தால் ஃபேன் ஓடியிருக்கும். இதை வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அண்ணனுக்கு ஃபோன் போட்டு, ஏழில் முழுசு இரண்டு, பாதி நான்கு, ஒன்று புலி என்றேன். "எனக்கு வந்த நிலத்துலயும் பாதி பாறைதான்டா" என்றான். மனசு கொஞ்சம் ஆறியது.

தராசை மூடப்போனபோது மனைவி பூஜை அலமாரியைத் திறந்துகொண்டிருந்தாள். மகளுக்குச் சோறூட்டிய அன்று அம்மா சீராகக் கொடுத்த வெள்ளிக் கிண்ணம் அவள் கையில்.

"ஏங்க, ஃபேனை நிறுத்தட்டுமா?"

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "டேய், தராசுல பேட்டரி தீந்துபோச்சுன்னு சொல்லுடா."