நறுக்கலாம் மாப்ளே, தாராளமா நறுக்கலாம்

கேட்டுட்டே இல்ல, சொல்லிடுறேன். நறுக்கு. கத்தரிக்கோல் உன்னுது, கிளி உன்னுது, பட்சிக்கடையில காசை எண்ணி வச்சவனும் நீ. "கோழிக்கு ரெக்கை நறுக்குற மாமனுக்குக் கிளிக்கு நறுக்கத் தெரியாதா"ன்னு ராத்திரி பத்து மணிக்கு மெட்ராஸ்ல இருந்து போன் போட்டே பாரு, அந்த மரியாதைக்காகவாவது நான் வேண்டாம்னு சொல்லக் கூடாது. சொன்னா உங்கம்மா, "எங்கண்ணன் எதுக்குத்தான் குறுக்கே விழல"ம்பா. நான் விழலை. நறுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணு ரெண்டு சந்தேகம் மட்டும் கேட்டுக்கிடுறேன்.

அது என்ன சாதிக் கிளி? கழுத்துல ரோஸ் வளையம் போட்ட நம்மூர்ப் பச்சைக்கிளியா இருந்தா, கத்தரிக்கோலைத் தேடாதே, வக்கீலைத் தேடு. 1972-ல போட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல அது இருக்கு. 2022-ல சட்டத்தைத் திருத்தும்போது இன்னும் மேல் பட்டியலுக்கு ஏத்திட்டாங்க. கூண்டுல வச்சிருந்தாலே குத்தம்; ரெக்கையோட இருந்தாலும் குத்தம், இல்லாம இருந்தாலும் குத்தம். கடலூர்ல 2024 நாடாளுமன்றத் தேர்தலப்போ தங்கர் பச்சான் கிளி ஜோசியம் பார்த்தாரே, ஞாபகம் இருக்கா? கிளி வெளியே வந்து சீட்டை எடுத்துச்சு, ஜோசியர் ஜெயிப்பீங்கன்னார். கையோட வனத்துறை வந்து ஜோசியரைப் பிடிச்சிட்டுப் போச்சு. தேர்தல்ல நின்னவரும் ஜெயிக்கலை. ஊருக்கெல்லாம் நல்ல காலம் சொன்ன கிளி, வனத்துறை ஜீப்பு வர்றதை மட்டும் முதலாளிகிட்டே சொல்லாம விட்டுடுச்சு. அதுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும்.

நல்லவேளை, நீ வாட்ஸ்அப்புல அனுப்புன படத்துல இருக்கிறது மஞ்சளும் ஆரஞ்சுமா ஒரு சன் கானூர். கயானா, வட பிரேசில் பக்கத்துப் பிறவி. அங்கே காட்டுல அருகிக்கிட்டு வருது, இங்கே கடைக்குக் கடை கூண்டுல தொங்குது. அதுக்கும் காயிதம் உண்டு மாப்ளே. சர்வதேசப் பட்டியல்ல இருக்கிற உருப்படியை வச்சிருக்கிறவங்க, பரிவேஷ்ங்கிற அரசாங்க இணையதளத்துல பதியணும்னு 2024-ல விதி போட்டாச்சு. பதிஞ்சிட்டியா? "அதை அப்புறம் பார்த்துக்கலாம் மாமா"ன்னு சொல்லுவே. வண்டிக்கு இன்சூரன்ஸ் கேட்டப்பவும் அதைத்தான் சொன்னே.

சரி, ரெக்கைக்கு வருவோம். கோழிக்கு நாங்க ஒரு பக்கம் மட்டும்தான் நறுக்குவோம். வேலியைத் தாண்ட எம்பும்போது ஒரு பக்கமாச் சாஞ்சு பாதியிலேயே இறங்கிடும். எம்புறது என்ன, ரெண்டு முழம். கீழே இருக்கிறது குப்பைமேடு. விழுந்த கோழி உதறிட்டு மேயப் போயிடும். அந்த வைத்தியத்தைக் கிளிகிட்டே காட்டினேன்னு வை, பீரோ மேல இருந்து பாயுற கிளி சுத்திக்கிட்டே வந்து உன் கிரானைட் தரையில விழும். பறவைக்கு நெஞ்சு நடுவுல விளிம்பாத் துருத்திக்கிட்டு ஒரு எலும்பு உண்டு. அடி அங்கேதான் இறங்கும், மேல்தோல் பிளந்துக்கும்.

அதனால கிளிக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணு போல நறுக்கணும். ரெக்கையை விரிச்சுப் பிடிச்சா நுனிப் பக்கம் பத்து நீள இறகு தெரியும். அதால காத்தைத் தள்ளித்தான் கிளி முன்னே போகுது. அடியில போர்த்தியிருக்கிற குட்டி இறகைத் தொடாம, நுனியில இருந்து சிலதை மட்டும் கத்தரிப்பாங்க. முத்தின இறகு நம்ம நகம் போலத்தான், வெட்டினா வலிக்காது. உன் கடைக்காரன் அதுவரைக்கும் நெசந்தான் சொல்லியிருக்கான். ஆனா பத்துக்கு நடுவுல புதுசா முளைச்சுக்கிட்டு ஒண்ணு ரெண்டு இருக்கும். அதோட தண்டு தடிச்சு, நீலம் பாய்ஞ்சு கறுத்துத் தெரியும்; உள்ளே ரத்தம் ஓடிக்கிட்டிருக்கு. வெளிச்சத்துல விரிச்சுப் பார்க்கத் தெரிஞ்சவனுக்குத்தான் அது கண்ணுல படும். கத்தரி அதுல பட்டா நிக்காம ஒழுகும். உன் கிளி நூறு, நூத்தியிருபது கிராம் இருக்குமா? அதுக்கு மொத்த ரத்தமே ரெண்டு டீஸ்பூன் தேறினா அதிகம். நீ "பஞ்சு எங்கே"ன்னு உன் வீட்டுக்காரியைக் கூப்பிட்டு, அவ "எந்த டிராயர்ல வச்சே"ன்னு உன்னையே திருப்பிக் கேட்டு, அந்தப் பஞ்சாயத்து முடியுற வரைக்கும் அது தாங்காது.

"யூடியூபைப் பார்த்துச் செஞ்சிடுவேன் மாமா"ங்கிறே. மாப்ளே, தினமும் ஷேவ் பண்ணிட்டு தாடையில பேப்பர் துணுக்கை ஒட்டிக்கிட்டு ஆபீஸ் போற ஆளு நீ.

போகட்டும், பறவை வைத்தியர்கிட்டேயே கொண்டு போறேன்னு வச்சுக்குவோம். எதுக்கு நறுக்கணும்? பறந்து போயிடும்ங்கிறே. நியாயமான பயம். ஆனா நறுக்குன கிளியும் போகும், அது தெரியுமா உனக்கு? சிலதைத்தானே நறுக்குறோம், மிச்சம் இருக்கே. வீட்டுக்குள்ளே தத்தித் தத்தி விழும். அதை நம்பித் தோள்ல வச்சுக்கிட்டு நீ மொட்டை மாடிக்குப் போவே. நறுக்காதவன் பயந்து கதவைச் சாத்துவான், நறுக்குனவன் தைரியமாத் திறந்து வைப்பான். சாயங்காலம் மெட்ராஸ்ல கடல்காத்து வீசும். எங்கேயோ பட்டாசு வெடிக்கும், கிளி திடுக்கிட்டு எம்பும், காத்து தூக்கிக்கிடும். தூக்கிட்டுப் போற காத்து திருப்பிக் கொண்டாந்து விடாது. திரும்பி வர்றதுக்கு அதுக்கு ரெக்கை வேணும், அதை நீ நறுக்கி டஸ்ட்பின்ல போட்டிருப்பே. எதிர் வீட்டு வேப்பமரத்துல உட்கார்ந்து அது கத்தும், காக்கா எல்லாம் கூடி விசாரிக்கும். இன்னொண்ணு, நறுக்குன இறகு அப்படியே நிக்காது. வருஷத்துக்கு ஒருதரம்போல உதிர்ந்து புதுசு முளைக்கும். எல்லாம் முளைச்சு முடிஞ்ச தேதியைக் கிளி உனக்குச் சொல்லாது. கல்யாண நாளையே மச்சான் போன் பண்ணித்தான் உனக்கு ஞாபகப்படுத்துறான்.

அடுத்தது ஃபேன். இது பெரிய ஆபத்து, சிரிக்கிற விஷயம் இல்லை. சுத்துற இறக்கையைப் பறவை கண்டு விலகாது, நேரே உள்ளே போயிடும். நறுக்கினா அவ்வளவு உயரம் எழும்பாதுங்கிறது சரிதான். எழும்பாத கிளி எங்கே போகும்? தரையில நடக்கும். உன் வீட்டுத் தரையில உன் கால் இருக்கு, உன் பையன் சைக்கிள் இருக்கு, காத்துக்கு டமால்னு சாத்திக்கிற பெட்ரூம் கதவு இருக்கு. ஃபேனுக்குச் சுவத்துல சுவிட்ச் வச்சிருக்கான் மாப்ளே. கிளியை வெளியே விடுற நேரத்துக்கு அதை அமுத்து. வேர்க்குமா? ஏசி வாங்கி வச்சு மாசாமாசம் கரண்டு பில்லைக் காட்டிப் புலம்புறியே, அது எதுக்கு இருக்கு? கண்ணாடி ஜன்னலுக்குத் திரையை இழுத்து விடு. பாத்ரூம் வாளியை மூடு. கிளி வெளியே இருக்கையில அடுப்படிக் கதவு சாத்தியே இருக்கணும். அந்தக் கறுப்பு நான்ஸ்டிக் தவாவை அடுப்புல வச்சு மறந்து, அது காய்ஞ்சு புகைஞ்சுதுன்னா கூண்டுல இருக்கிற கிளிக்கும் உயிர் போயிடும், ரெக்கை இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. உங்கம்மா சுமந்துக்கிட்டு வந்து கொடுத்த இரும்புத் தோசைக்கல்லு பரண் மேல கிடக்கு. அதை இறக்கு.

கடைசியா ஒண்ணு சொன்னே, குரலைத் தாழ்த்திச் சொன்னே: "கடிக்குது மாமா, நறுக்கினா அடங்கிடும்." அங்கேதான் இருக்கு உன் அசல் காரணம். பயந்த கிளிக்குப் பறந்து போற வழி இருந்தா பறந்து போயிடும். வழியை நீ அடைச்சிட்டா கடிக்காம வேற என்ன செய்யும், மனு எழுதிப் போடுமா? கானூர் கூட்டமாத் திரியுற சாதி. நீ காலையில எட்டு மணிக்கு ஒரு கிண்ணம் சூரியகாந்தி விதையைக் கொட்டிட்டுக் கிளம்பினா ராத்திரி ஒன்பதுக்குத்தான் வர்றே. நாள் முழுக்க அது ஒத்தையா உட்கார்ந்து எண்ணெய் விதையைத் தின்னுது. பறக்குறதையும் நிறுத்திட்டா அந்தக் கொழுப்பு ஈரல்லதான் போய்ப் படியும். போன வருஷம் ஸ்கேன் எடுத்துட்டு டாக்டர் உனக்குச் சொன்னாரே, அதேதான். நீ ஜிம்முக்குப் பணம் கட்டியாவது வச்சிருக்கே. சில கிளி சலிப்புல தன் இறகைத் தானே பிடுங்கிப் போட்டுடும். அப்போ உனக்குக் கத்தரிக்கோல் செலவும் மிச்சம்.

நான் ஒரே அடியா மறுக்கிறவன் இல்லை. விவரமான வைத்தியர்கள்லயும் சில நேரம் லேசா நறுக்கி விடுறவங்க உண்டு. புது வீட்டுல வந்து வெறிபிடிச்சுச் சுவத்துல மோதிக்கிற கிளிக்கு, சறுக்கிக்கிட்டே பத்திரமா இறங்குற அளவுக்கு விட்டு, அடுத்த இறகு முளைக்கிற வரைக்கும். அதுவும் குஞ்சா இருந்தா, முதல்ல பறக்கவும் திரும்பவும் இறங்கவும் நல்லாப் பழகின பிறகுதான். பறந்தே பார்க்காத குஞ்சை நறுக்கிட்டா, பின்னால முழு ரெக்கை முளைச்சாலும் இறங்கத் தெரியாமத் தடுமாறும். உன் கிளி சுவத்துல மோதுதா? இல்லை. திரைச்சீலையில எச்சம் போடுது. அதுக்கு வைத்தியம் ஈரத்துணி.

இல்லை, பறக்காத கிளிதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னா, அதுக்கும் வழி இருக்கு. நியூசிலாந்துல காகாப்போன்னு ஒரு கிளி. பிறவியிலேயே பறக்காது. பகலெல்லாம் தூங்கும், ராத்திரி எந்திரிச்சு நடமாடும். உன் கம்பெனிக்குத் தோதான ஆளு. ஆனா உலகத்துல மிச்சம் இருக்கிறதே இருநூத்திச் சொச்சம்தான். அந்த ஊர்க்காரங்க ஒவ்வொண்ணுக்கும் பேர் வச்சுக் காவல் காக்குறாங்க, உனக்குத் தரமாட்டாங்க. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்லயே இன்னொண்ணு இருக்கு. ஆண்டாள் கையில தினம் ஒரு கிளி வைக்கிறாங்க பாரு, மரவள்ளி இலையில உடம்பு, மாதுளம்பூவுல மூக்கு. அன்னன்னைக்குப் புதுசாக் கட்டுறது. பழசைக் கேக்குற பக்தருக்குக் கொடுத்துடுவாங்க. பறக்காது, கடிக்காது, ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு அபார்ட்மெண்டையே எழுப்பாது, பரிவேஷ்ல பதியவும் வேண்டாம். சொல்லு, கேட்டு வாங்கி பஸ்ல கொடுத்து விடுறேன்.

இருக்கிற கிளிதான் வேணும்னா, கூப்பிட்டா வரப் பழக்கு. சூரியகாந்தி விதையைக் கிண்ணத்துல கொட்டுறதை நிறுத்து, அதைக் கூலியா எடுத்து வை. அதுக்குத் தீனி வைக்கிற நேரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி, நாற்காலி முதுகுல உட்கார வச்சு, ஒரு சாண் தள்ளிக் கையை நீட்டு. பேர் சொல்லிக் கூப்பிடு, ஒத்தை விதையைக் காட்டு. தாவி வந்தா விதை அதுக்கு. வரலைன்னா பேசாம இரு, துரத்திப் பிடிக்காதே. சாணை முழமாக்கு, முழத்தை ஹாலாக்கு. ஒரு தடவைக்கு அஞ்சு நிமிஷம் போதும், அதுக்கு மேல உனக்கும் பொறுமை கிடையாது. குரலை உசத்தாதே. உன் குரல் கேட்டா அது வரணும், ஒளியக் கூடாது. இதை உன் பையன் விஷயத்துலயும்... சரி விடு, கிளியைப் பத்தித்தானே பேச்சு.

பால்கனிக்கும் ஜன்னலுக்கும் வலை அடிக்க ஏழாயிரம் கேக்குறான்னு அலுத்துக்கிட்டே. கத்தரிக்கோல் அம்பது ரூவாதான், ஒத்துக்கிடுறேன். இருந்தாலும் ஞாயித்துக்கிழமை அவனை வரச் சொல்லு. நைலான் வலைன்னு சொல்லி ஏமாத்தப் பார்ப்பான், கானூர் மூக்குக்கு அது ஒரு வாரம் தாங்காது. நல்ல கம்பி வலையாக் கேளு. ரேட்டைப் பத்தி நீ வாயே திறக்காதே. போனை அவன்கிட்டே குடு, நான் பேசுறேன்.