மேலே பாருங்க, கீழே நான் பார்த்துக்கறேன்

வாங்க தம்பிங்களா. கார்த்திகை கடைசி, டிசம்பர் 13 ராத்திரி. எரிநட்சத்திரம் பார்க்க ஜவ்வாது மலைக்கு வந்துடுவீங்கன்னு எனக்குத் தெரியாதா? புனர்பூசம் பக்கமிருந்து ஊர்ப்பட்டது விழும்னு காலேஜ் புள்ள ஒண்ணு சொல்லுச்சு. சந்தோசம். காவலூர்ல 2.34 மீட்டர் கண்ணாடி வச்ச தொலைநோக்கியை 1986-ல ராஜீவ் காந்தி வந்து திறந்து வச்சதுலேருந்து எங்க மலைக்கு வானத்து உறவு சாஸ்தி. ஆனா விஞ்ஞானி கூரைக்குக் கீழ நின்னு பார்க்கறாரு. நீங்க எங்க கொல்லையில நிக்கறீங்க.

டார்ச்சே கொண்டு வராதீங்க. கண்ணு இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் ஆகுது, ஒரு செல்போன் வெளிச்சம் பட்டா அத்தனையும் போச்சுன்னு சண்டை போடறீங்களே, நியாயந்தான். டார்ச்சுல செவப்புத் தாளைச் சுத்திக்கிட்டா கண்ணும் கெடாது, காலும் தடுக்காதுன்னு என்னை மாதிரி கிழடுங்க சொல்லும். கேக்காதீங்க. அண்ணாந்துகிட்டே நடங்க. அந்தக் காலத்துல கிரேக்க தேசத்து ஞானி தேலீஸ்னு ஒருத்தர் அப்படித்தான் நடந்து கிணத்துல விழுந்தாராம், வேலைக்காரப் பொண்ணு சிரிச்சாளாம். எங்க கொல்லைக் கிணத்துக்குக் கைப்புடிச் சுவரும் கிடையாது, ராத்திரியில சிரிக்கறதுக்கு ஆளும் கிடையாது.

வெறுந்தரையில பாயைப் போட்டு அப்படியே தூங்குங்க. கட்டிலு, கொசுவலை எல்லாம் எங்களை மாதிரி பயந்தாங்கொள்ளிக்கு. கட்டுவிரியனும் ராத்திரி ஆசாமிதான். அது கடிச்சா பல நேரம் வலியும் தெரியாது, வீக்கமும் இருக்காது. விடியக்காலம் கண்ணிமை தானா தொங்கும், பேச்சு குழறும். "பாவம், ராத்திரி முழுக்க முழிச்சிருந்தான்"னு பக்கத்துல இருக்கறவன் போர்வையை இழுத்துப் போர்த்தி விடுவான். எவ்வளவு பாசம்! உடனே 108-க்கு போன் போட்டு, விசமுறிவு ஊசி இருக்கற அரசாங்க ஆஸ்பத்திரிக்கு ஓடறதெல்லாம் அவசரக்காரங்க வேலை. நீங்க சினிமாவுல பார்த்தபடி பிளேடால கீறிக்கிட்டு உக்காருங்க. ஆமா, போன் சிக்னல் எந்தப் பாறை மேல கிடைக்கும்னு பகல்லயே பார்த்து வச்சுடாதீங்க. இருட்டுல தேடினாத்தான் சுவாரசியம்.

இதெல்லாம் யாரு பொறுப்புன்னு கேட்டா, கூட்டம் கூட்டின தம்பியைக் கை காட்டறீங்க. அது உங்ககிட்ட வாங்கினது பெட்ரோலுக்குப் பங்குக் காசு. அதுக்கு உங்க அம்மா வேலையையும் சேர்த்துப் பார்க்கணுமாக்கும்! சொட்டர் எடுத்தாரலை, தண்ணி எடுத்தாரலை, மூணு வயசுப் புள்ளையை மட்டும் மறக்காம எடுத்தாந்து, தொலைநோக்கி முக்காலிக்கு நடுவுல விளையாட வுட்டுட்டு நீங்க மேல பார்க்கறீங்க. பச்சை லேசர் வச்சிருக்கற மகராசன் நட்சத்திரம் காட்டற சாக்குல விமானம், பக்கத்துல நிக்கறவன் கண்ணுன்னு ஒண்ணையும் வுட்டு வைக்கறதில்லை.

ரிசர்வ் காட்டுக்குள்ள மட்டும் போகாதீங்க. இதை நெசமாத்தான் சொல்றேன். வனத்துறைக்காரர் வந்தா எங்க ஊர்க்காரனைத்தான் மொதல்ல கூப்பிட்டு வெசாரிப்பாரு.

மத்தபடி ஒங்க இஷ்டம். ராவெல்லாம் முழிச்சுட்டு, மூணு மணிக்கு வண்டியை எடுத்து, கொண்டை ஊசி வளைவுல கண்ணு சொருகிக்கிட்டே எறங்குங்க. கொஞ்சம் படுத்து எழுந்து விடிஞ்சதும் போங்கன்னு நான் ஏன் சொல்றேன்? பள்ளத்துல எறங்கின காரை இழுக்க எங்கிட்ட டிராக்டர் இருக்கு. பகல்ல ஒரு ரேட்டு, ராத்திரியில ஒரு ரேட்டு. மூணு மணிக்கு மேல எழுப்பினா, நீங்களா பார்த்து மனசாரக் கொடுக்கறதுதான்.