ஒரு ரூபாய் சித்தப்பா

வரன் விஷயமாகப் புது எண்ணிலிருந்து யாராவது பேசிவிட்டு வைத்தால் போதும். வீட்டில் மற்றவர்கள் ஜாதகக் கட்டைத் தேடுவார்கள்; சித்தப்பா ஜிபேயைத் திறப்பார். எண்ணைத் தட்டியதும் வங்கிக் கணக்கில் இருக்கிற பெயர் வந்து நிற்கும். “சஞ்சய்னுதானே சொன்னாங்க? பேங்குக்கு இவன் சடையாண்டி!” சம்பந்தம் அங்கேயே ஆட்டம் காணும்.

2016-இல் யுபிஐயைக் கொண்டுவந்தவர்கள் பணம் அனுப்பத்தான் கொண்டுவந்தார்கள். சித்தப்பா கையில் அது உளவுத்துறை. தபால் ஆபீசும்கூட. வாட்ஸ்அப்பில் பிளாக் பண்ணிய அண்ணன் மகனுக்கு ஒரு ரூபாய் அனுப்பி, குறிப்பில் “போனை எடுடா, சித்தி அழுறா” என்று எழுதுவார். அந்த ரூபாய் அப்படியே திரும்பி வரும், “மாட்டேன்” என்ற குறிப்போடு.

2019 தீபாவளிக்குக் கூகுள் பேயில் ஐந்து ஸ்டாம்ப் சேர்த்தால் 251 ரூபாய் என்றார்கள். ரங்கோலி ஸ்டாம்ப் மட்டும் லேசில் யாருக்கும் சிக்கவில்லை. வரப்புத் தகராறில் வருஷக்கணக்காகப் பேசாத பங்காளிக்கே போன் போட்டு, “எங்கிட்ட விளக்கு ரெண்டு இருக்கு, உங்கிட்ட ரங்கோலி இருக்கா?” என்றார் மனுஷன். பங்காளியிடமும் இல்லை. இருந்திருந்தால் வரப்பு வழக்கே வாபஸ் ஆகியிருக்கும்.

கொரோனா சமயத்தில், 2021-இல், மதுரையில் ஒரு கல்யாணப் பத்திரிகையிலேயே மொய்க்கு க்யூஆர் கோடு அச்சடித்தார்கள். அப்படிப் பத்திரிகை வந்தால் சித்தப்பாவுக்குக் கொண்டாட்டம். உடனே ஸ்கேன் பண்ணி, “கணக்கு மாமனார் பேர்லதான் இருக்கு. மாப்பிள்ளைக்கு ஒண்ணும் தேறாது” என்று அறிவிப்பார். மொய் எழுதினாரா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

டீக்கடைதான் அவருடைய தலைமையகம். கல்லாப் பக்கத்தில் இருக்கும் பெட்டி “பதினைந்து ரூபாய் பெறப்பட்டது”, “முப்பது ரூபாய் பெறப்பட்டது” என்று கத்தக் கத்த, இவர் பெஞ்சில் உட்கார்ந்து மனக்கணக்குப் போடுவார். “மணி எட்டுகூட ஆகல, ஆயிரத்தைத் தாண்டிட்டான்” என்று பக்கத்தில் இருப்பவரிடம் ரகசியம் பேசுவார். கிளம்பும்போது மாஸ்டர் இவர் முகத்தைப் பார்க்க, போனை வானத்தைப் பார்த்துத் தூக்கிப் பிடிப்பார். “சுத்திக்கிட்டே இருக்குப்பா. நெட் இல்ல. தம்பி, நீ குடுத்துரு, அப்புறம் ஜிபே பண்றேன்.”

அந்தத் தம்பி நீங்களாக இருந்தால், *99# போடச் சொல்லுங்கள். யுபிஐதான், நெட்டே வேண்டாம். 5,000 ரூபாய் வரைக்கும் போகும். ஒரு டீக்கும் ரெண்டு வடைக்கும் அது தாராளம்.