மலையேற மறுக்கும் விஞ்ஞானம்

கல்விக்குப் பொறுப்பான பெரியவர்களுக்கு,

அட்டன் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வணக்கம். முதலில் எங்கள் நன்றி. நீங்கள் எங்களுக்குப் பொறுமை படிப்பித்த அளவுக்கு வேறெந்தப் பாடத்தையும் படிப்பித்ததில்லை.

1907ஆம் ஆண்டுச் சட்டம், ஆறு முதல் பத்து வயதுவரையான தோட்டத்துப் பிள்ளைகளின் படிப்பைத் துரையின் பொறுப்பில் விட்டது. கொழுந்துக் கணக்குப் பார்த்தவரிடமே எழுத்தையும் ஒப்படைத்த அந்த மூளையை மெச்சத்தான் வேண்டும். 1945இல் இலவசக் கல்வி வந்தது. எங்கள் லயங்களுக்கு மட்டும் வரவில்லை. மலைப்பாதையில் வளைவுகள் அதிகம், வழி தவறியிருக்கும். அரசு தோட்டப் பள்ளிக்கூடங்களைக் கையேற்கத் தொடங்கியதே 1970களில்தான்.

இப்போது குறையே இல்லை. தரம் ஐந்தோடு நின்ற பள்ளிக்கூடங்கள் வித்தியாலயமாகி, மகா வித்தியாலயமாகி, கல்லூரியாகவும் ஆகிவிட்டன. பெயர்ப் பலகை நீண்ட வேகத்துக்குக் கட்டடம் நீளவில்லை, அவ்வளவுதான். பக்கத்தில் ஒரு வகுப்பறை கட்டலாம் என்றால், சுற்றியுள்ள தேயிலை மலை 1992இல் கம்பனிகளின் கைக்குப் போய்விட்டது. செடிக்கு இருக்கிற இடம் பிள்ளைக்கு எதற்கு?

ஆசிரியர் இல்லையென்று கேட்டோம். 2015 அளவில் ‘ஆசிரியர் உதவியாளர்’களைத் தந்தீர்கள், மாதக் கொடுப்பனவு 6,000 ரூபாய். அந்நாளில் கொழுந்து பறிப்பவரின் அடிப்படை நாட்சம்பளம் 450. பதினான்கு நாள் மலைக்குப் போன அம்மா, மாதம் முழுக்கப் பாடம் சொன்ன மகளை முந்திவிடுவார். படித்தால் முன்னேறலாம் என்று அந்த வீட்டில் யார் யாருக்குச் சொன்னார்களோ!

அடுத்தது 1ஏபி. உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள பாடசாலைக்கு நீங்கள் வைத்த பெயர். எங்கள் தமிழ்ப் பாடசாலைகளில் அந்த ரகம் அரிது. ஆனால் பல்கலைக்கழக அனுமதியில் எங்கள் நுவரெலியாவைப் பின்தங்கிய மாவட்டமாகச் சேர்த்து இடம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆய்வுகூடத்தையே பார்க்காத பிள்ளைக்கு மருத்துவ பீடத்தில் சலுகை, சோறில்லாதவனுக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்த மாதிரி. அந்த வெற்றிலைக்காக வெளிமாவட்டத்திலிருந்து வந்து இங்கே பதிபவர்கள் இருக்கிறார்கள் என்ற புகாரும் உங்கள் காதுக்கு எட்டியிருக்கும்.

ஆகவே ஒரே ஒரு விண்ணப்பம். பௌதிகவியல், இரசாயனவியல், இணைந்த கணிதம் மூன்றையும் தமிழில் படிப்பிக்க ஆட்களை நியமியுங்கள். நியமனக் கடிதத்தை வாங்கிய கையோடு இடமாற்றத்துக்கு எழுதிப்போடுகிறவர்கள் வேண்டாம். குளிர்தான் பிரச்சினை என்றால் அவர்களுக்கு விடுதி கட்டிக் கொடுங்கள். அடுத்த உயர்தர வகுப்பு தொடங்குவதற்குள் செய்தால் போதும்.

இப்படிக்கு,
விஞ்ஞானப் பிரிவு தேடி மகளோடு பஸ் ஏறும் ஒரு தகப்பன்