இழுத்தது போதும்லே, சும்மா இரு

ஏலே பேராண்டி, அந்தப் பெட்டியை மூடிட்டு இங்கன வந்து உக்காரு. அது மீன்பிடிக்கிற பெட்டியா, கல்யாணப் பொண்ணோட வளையல் பெட்டியா? பச்சையில ஏழு, நீலத்துல எட்டு, வெள்ளையிலேயே நாலு வெள்ளை. எண்ணிப் பாத்தேன், மொத்தம் 40 பொய்மீன். ஒண்ணு 25 டாலராம்லா? நம்ம காசுக்கு ரெண்டாயிரத்துக்கு மேல. அந்தக் காசுக்கு விரால் வாங்கினா நம்ம வளவுக்கே குழம்பு ஊத்தலாம். நீ அதைக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ள முங்கிக் கிடக்குத மரத்துல மாட்டி அத்துட்டு வார. மரத்துக்குக் கம்மல் போட்டு விடுதியோ?

ஆறு மாச விசாவுல உங்கப்பன் வீட்டுக்கு வந்தவன் நான். இந்த ஆர்கன்சாவுல, பீவர் ஏரிக்கரையில உக்காந்து வேடிக்கை பாக்கேன். தூண்டிலைத் தொட லைசன்ஸ் வேணுமாம். 16 வயசு ஆயிட்டா எல்லாருக்கும் உண்டாம். நல்லவேளை, வேடிக்கைக்கு லைசன்ஸ் கேக்கல.

மார்ச் மாசம். நம்மூர்ல மாசி வெயில் மண்டையைப் பொளக்கும். இங்கன காதுமடல் விறைக்குது. நீ என்ன பண்ணுத? ஏரிக்குள்ள ஒரு மெஷினை விட்டுத் தண்ணிக்குக் காய்ச்சல் பாக்குத. "ஒம்பது டிகிரி தாத்தா"ன்னு சந்தோசமாச் சொல்லுத. நாங்க காலை விட்டுப் பாப்போம். சுரீர்னுச்சுன்னா குளிரு. அதுக்கு எதுக்குலே பேட்டரி?

சரி, கேலி கெடக்கட்டும். இதுல விசயம் இல்லாம இல்ல. ஷாட்னு ஒரு பொடிமீன் இந்த ஏரியில திரியுது. நம்ம சாளைக்கு ஒண்ணுவிட்ட பங்காளி. அதுக்குக் குளிர் ஆவாது. தண்ணி ஆறேழு டிகிரிக்கு இறங்கிட்டா வாதம் வந்த கெழவன் மாதிரி ஆயிரும். ரெண்டு துள்ளு துள்ளும். அப்புறம் அந்தரத்துல அப்படியே நிக்கும். மறுபடி ஒரு துள்ளு. அதைத் தேடித்தான் பாஸ் மீன் வருது. பேரைப் பாத்தியா, பாஸு! உங்க ஆபீஸ்ல இருக்கவரு மாதிரியேதான். ஓடியாடி வேலை செய்யுதவனை விட்டுருவாரு. காய்ச்சல்னு லீவு கேட்டவனைத் தேடிப்போய்க் கவ்வுவாரு.

ஆனா அவருக்கும் குளிர்ல உடம்பு வணங்காது. கரை ஓரம் வந்து முட்டை போடணும்னா தண்ணி 16, 17 டிகிரியாவது ஆவணும். அதுவரைக்கும் பசியும் இருக்கு, சோம்பலும் இருக்கு. மாமியார் வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை கணக்கா. இலை முன்னால வந்தாத்தான் கை நீளும்.

அதுக்குத்தான் இந்த ஜெர்க் பெயிட். தக்கை மாதிரி மேலயும் வராம, ஈயக் குண்டு மாதிரி கீழயும் போவாம, திரிசங்கு மாதிரி நடுவுல தொங்கணும். மேல வந்தா, கொக்கியில ஈயக் கம்பியை ரெண்டு சுத்துச் சுத்திச் சரிபண்ணுத. நூலும் முங்குத நூலாப் பாத்துப் போடுத. ஃபுளோரோகார்பனாம். அதெல்லாம் கெட்டிக்காரத்தனம்தான், ஒத்துக்கிடுதேன். கம்பு நுனியைத் தாழ்த்தி, நூலைத் தொய்ய விட்டு, வெடுக் வெடுக்னு ரெண்டு வெட்டு. பொய்மீன் இடமும் வலமும் தலையை ஆட்டும். அப்புறம்?

அப்புறம் சும்மா இருக்கணும்லே. வித்தையே அங்கனதான் இருக்கு.

உனக்கு அதுதானே ஆவாது? லிஃப்டு வாரதுக்குள்ள பித்தானை நாலு தடவை அமுக்குதவன் நீ. மூணு எண்ணுததுக்குள்ள அடுத்த வெட்டு. பத்து நிமிசம் கடிக்கலைன்னா நிறம் சரியில்லையாம், பெட்டியைத் தொறந்து அடுத்ததை மாட்டுத. மீன் என்ன ஜவுளிக்கடைக்கா வந்துருக்கு?

நேத்துக் காலையில நடந்ததை நீ மறந்துருப்ப. நான் மறக்கல. வெட்டுத வேகத்துல நூல் கம்பு நுனியில சுத்திக்கிட்டு. கம்பை மடியில சாய்ச்சு, விறைச்சுப்போன விரலால, இங்கிலீசுல என்னமோ வஞ்சுக்கிட்டே சிக்கெடுத்த. நான் மனசுக்குள்ள எண்ணிக்கிட்டு இருந்தேன். பதினெட்டு, பத்தொம்பது... நூல் மெல்லப் பக்கவாட்டுல நகந்துச்சு. டொக்குன்னு ஒரு இடி கிடையாது. ஈரத்துணி மாட்டுன மாதிரி ஒரு கனம், அவ்வளவுதான். ரெண்டு கிலோவுக்குக் குறையாது. வவுறு நிறைய சினை. காலையில இருந்து நீ வெட்டுன வெட்டுக்கு ஒண்ணும் வரல. சிக்கலுக்குத்தான் வந்துச்சு. போட்டோ எடுத்து சேக்காளிகளுக்கு என்னன்னு எழுதி அனுப்புன? "இன்னைக்கு இந்த நிறம்தான் வேலை செய்யுது"ன்னா? நல்லா இருக்குலே!

பிடிச்சதைத் தண்ணியிலேயே விட்டுட்ட. புளி கரைச்சு வச்சிருந்த உங்க ஆச்சிக்கு முகம் வாடிப்போச்சு. ஆனா சினைமீனை விட்டது நியாயம். குஞ்சுகளைக் கூட்டிக்கிட்டுத் திரியுத விராலை எங்கய்யாவும் தொட விடமாட்டாரு.

இந்தப் பொய்மீனுக்கெல்லாம் பாட்டன் முறையில ஒண்ணு உண்டு, தெரியுமா? பின்லாந்துல லவுரி ராப்பலான்னு ஒரு மீன்காரர். 1936-ல செருப்புத் தைக்குத கத்தியால கார்க்கைச் சீவி, சாக்லேட் சுத்துன தாளை ஒட்டி, போட்டோ பிலிமை உருக்கி மேல பூசிச் செஞ்சாரு. கூட்டத்துல நொண்டியடிக்குத மீனைத்தான் பெரிய மீன் கவ்வுதுன்னு கண்டுக்கிட்டவரு அவரு. எப்படிக் கண்டாரு? பாத்துக்கிட்டே இருந்தாரு. செலவு என்ன? மிட்டாய்க் காகிதம்.

இன்னொண்ணும் கேளு. இதே அமெரிக்காவுல, ஜார்ஜியா பக்கம் ஜார்ஜ் பெர்ரின்னு ஒரு விவசாயி. 1932 ஜூன் 2-ம் தேதி மீனுக்குப் போனாரு. அவருக்கும் கூடப்போன சேக்காளிக்கும் சேத்து ஒரே கம்பு, ஒரே பொய்மீன். பிடிச்சது பாஸ் மீன்தான், 22 பவுண்டு 4 அவுன்சு. பத்து கிலோலே! உலக சாதனை. என்ன செஞ்சாரு? எடை போட்டுட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய் ஆக்கித் தின்னாரு. 77 வருசம் கழிச்சு, 2009-ல, ஜப்பான்ல பிவா ஏரியில மனாபு குரிட்டான்னு ஒருத்தர் வந்துதான் அதைச் சமன் பண்ணுனாரு. எதைக் கோத்துப் போட்டாரு? உசுரோட ஒரு மீனை. உன் வளையல் பெட்டியில அது இருக்கா?

பெட்டியைத் தூக்கி ஏரியில எறின்னு சொல்லல. ஏற்கெனவே ஒண்ணொண்ணா அதைத்தான் செய்யுத. மூணு போதும்னு சொல்லுதேன். தெளிஞ்ச தண்ணிக்குக் கண்ணாடி மாதிரி ஒண்ணு. கலங்கலுக்குப் பளிச்சுன்னு ஒண்ணு. மரத்துக்குக் கம்மல் போட ஒண்ணு.

அந்தா, எதுத்த கரையில நாரை நிக்குது பாத்தியா? நாம வந்ததுல இருந்து ஒத்தைக் காலை மாத்தல. அதுக்கு வாத்தியார் யாரு?

தண்ணி சூடு ஏற ஏற நிறுத்துத நேரத்தைக் குறைச்சுக்கோ. குளிரக் குளிரக் கூட்டிக்கோ. அதைச் சொல்லத்தான் உன் மெஷினு, அதை வச்சுக்கோ. ராத்திரி தூங்குததுக்கு முந்தி 40 பொய்மீனையும் எண்ணிப் பாத்துட்டுத்தானே படுக்குத? அதுல பாதியை நாளைக்குத் தண்ணியைப் பாத்து எண்ணு. எண்ணி முடிச்சுட்டு வெட்டு.